போட்டோ போஸ்ட்கார்டு ஆன்லைன்ல அனுப்பப் போறீங்களா? வந்த கேள்வியும் பதிலும்

கேள்வி: அண்ணே, கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கு நன்றி சொல்லி எங்க போட்டோவையே போஸ்ட்கார்டா அனுப்பலாம்னு இருக்கோம். சைட்ல போட்டோ ஏத்தி அட்ரஸ் குடுத்தா போதும், சைட்காரங்களே பிரிண்ட் எடுத்து போஸ்ட் பண்ணிடுவாங்களாமே, நம்பி பண்ணலாமா? பிரெண்ட் எடுத்த போட்டோ வாட்ஸ்அப்ல கிடக்கு, அது போதுமா?

பதில்: தாராளமா பண்ணலாம். ஆனா அந்த வாட்ஸ்அப் போட்டோவ அப்படியே ஏத்தாதீங்க. 6க்கு 4 இன்ச் கார்டு நல்லா வரணும்னா ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி (300 டிபிஐ) கணக்குல 1800க்கு 1200 பிக்சல் வேணும், வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா அது பிக்சலையும் குறைச்சு படத்தையும் நசுக்கித்தான் அனுப்பும், போன்ல பாக்க பளிச்சுன்னு இருக்கும், கார்டுல வந்ததும் தலைமுடி எல்லாம் கஞ்சி காய்ஞ்ச மாதிரி திட்டுத்திட்டா தெரியும். எடுத்த பிரெண்டயே கேட்டு டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, ஒரிஜினல் அப்படியே வந்துடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏத்துறது அதவிட மோசம்.

இதுக்கு மேல ஒரு விஷயம் இருக்கு, நிறைய பேர் மாட்டுறது இங்கதான். பெரும்பாலான போன் கேமரா 4க்கு 3 விகிதத்துல படம் எடுக்குது, 6க்கு 4 கார்டோ 3க்கு 2. ரெண்டும் பொருந்தாது. 4000க்கு 3000 பிக்சல் படம்னா கார்டுக்குள்ள உக்கார உயரத்துல 333 பிக்சல் போயே ஆகணும், அதாவது மேலயும் கீழயும் சேத்து ஒன்பதுல ஒரு பங்கு காலி. குரூப் போட்டோல பின் வரிசைல நிக்கிற மாமாவோட நெத்தி போறது இப்படித்தான். அது போதாதுன்னு, அச்சடிச்சு வெட்டும்போது ஓரம் கொஞ்சம் நகரும்னுதான் பிரஸ்ல சுத்தி ஒரு 3 மில்லிமீட்டர் கூடுதலா படம் கேப்பாங்க, அதுக்கு பிளீட்னு பேரு, அந்த ஏரியா வெட்டுல போயிடும். அதனால சைட் தானா வெட்டுற ஆட்டோ கிராப்ப நம்பாம நீங்களே கையால நகத்தி வைங்க, முகமோ எழுத்தோ ஓரத்த ஒட்டி இருக்கவே கூடாது.

கலர் விஷயமும் சொல்லிடுறேன். ஸ்கிரீன் பின்னாடிலேர்ந்து வெளிச்சம் அடிக்குது, பேப்பர்ல அது கிடையாது, அதனால பிரிண்ட் எப்பவும் ஒரு படி இருட்டாதான் தெரியும். பிரைட்னஸ பாதிக்கு குறைச்சு வெச்சு படத்தப் பாருங்க, அப்பவும் முகம் தெளிவா இருந்தா சரி. அடிக்கிற பச்சை, மின்னுற நீலம் எல்லாம் அச்சு மைல கொஞ்சம் மங்கிதான் வரும், அது அவங்க தப்பில்ல. மொத்தமா போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கார்டு உங்க அட்ரஸுக்கே போட்டுப் பாருங்க, பிரிவ்யூ காட்டாதத எல்லாம் அது காட்டிடும்.

கேள்வி: பின்பக்கம் தமிழ்ல நாலு வரி எழுதணும்னு ஆசை. டைப் பண்ணா சைட்ல சரியாத்தான் தெரியுது, ஆனா என் தங்கச்சிக்கு வந்த கார்டுல எழுத்தெல்லாம் பிச்சு பிச்சு இருந்துச்சு. ஏன் அண்ணே?

பதில்: உங்க பிரவுசர் தமிழ ஒழுங்கா சேத்து காட்டும்மா, ஆனா கார்டுக்கு பிடிஎஃப் தயார் பண்றது அவங்க சர்வர்ல இருக்குற வேற மென்பொருள். அதுல தமிழ் எழுத்துரு இல்லன்னா வெறும் கட்டம் கட்டமா வரும், எழுத்துரு இருந்தும் எழுத்தச் சேக்கத் தெரியலன்னா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு நிக்கும், 'கொ'ல வர்ற கொம்பு 'க'வுக்கு முன்னாடி போகாம பின்னாடி போய் ஒட்டிக்கும். இமோஜிக்கும் இதே கதிதான், கலர்ல போட்ட இதயம் கருப்பா வரும், இல்ல காணாமலே போகும்.

வழி சிம்பிள். வெள்ளை பேப்பர்ல கருப்பு பேனால கையால எழுதி நல்ல வெளிச்சத்துல நேரா போட்டோ எடுத்து அத படமா ஏத்துங்க, இல்ல போன்லயே ஏதாவது டிசைன் ஆப்ல டைப் பண்ணி படமா சேவ் பண்ணுங்க. படமா போனா பிரிய வழியே இல்ல. கையெழுத்து வெச்சா இன்னும் விசேஷம், அச்செழுத்துல "அன்புடன்"னு பாக்குறதுக்கும் உங்க கையால எழுதி பாக்குறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல. பின்பக்கம் படம் ஏத்த விடாத சைட்டா இருந்தா முன்பக்க போட்டோலயே வாசகத்த சேத்துடுங்க. எப்படியும் அட்ரஸ் பக்கத்தோட கீழ் ஓரத்துல ஒண்ணும் வராம பாத்துக்கோங்க, நிறைய நாட்டுல தபால் பிரிக்கிற மெஷின் அங்கதான் பார்கோட அடிக்கும், உங்க கவிதை மேல கோடு கோடா விழும்.

கேள்வி: எங்க சங்கத்துல முன்னூறு பேருக்கு அனுப்பணும், எக்ஸெல் ஷீட்ல அட்ரஸ் இருக்கு, சைட்ல அதையே ஏத்தலாம்னு போட்டிருக்கான். ஏதாவது பிரச்சினை வருமா சார்?

பதில்: வரும். பூஜ்யத்துல ஆரம்பிக்கிற அஞ்சல் குறியீடு இருக்குற நாடுங்க நிறைய உண்டு, எக்ஸெல் அத நம்பர்னு நினைச்சு முன்னாடி இருக்குற பூஜ்யத்த முழுங்கிடும், 01234ங்கிறது 1234 ஆகிடும், ஒரு பிழையும் காட்டாது. அந்த நெடுவரிசைய (column) டெக்ஸ்ட்டுன்னு மாத்திட்டு அப்புறம் டைப் பண்ணுங்க, ஏற்கனவே போன பூஜ்யம் தானா திரும்ப வராது. ஷீட்ட சிஎஸ்வியா (கமா போட்டு பிரிச்ச வெறும் எழுத்து ஃபைலா) சேவ் பண்ணும்போது தமிழ் எழுத்தையும் தாங்குற யூடிஎஃப்-8 ஆப்ஷன் எடுங்க, இல்லன்னா தமிழ் பேரெல்லாம் கேள்விக்குறியா மாறிடும். வெளிநாட்டு அட்ரஸுக்கு நாட்டு பேரு கடைசி வரில தனியா, இங்கிலீஷ் கேப்பிடல்ல இருக்கணும், வெறும் தமிழ்ல போட்டா போய்ச் சேர்றது கஷ்டம்.

அப்புறம் ஷீட்ட ஏத்தும்போது உங்க காண்டாக்ட்ஸ் முழுக்க பாக்க ஆப் அனுமதி கேட்டா குடுக்காதீங்க, ஷீட்டே போதும். மத்தவங்க அட்ரஸ ஒரு கம்பெனி கிட்ட குடுக்குறோம்ங்கிற நினைப்பு இருக்கட்டும், வேலை முடிஞ்சதும் டெலிட் பண்ற வசதி இருக்கான்னு பாத்துட்டு ஏத்துங்க.

கேள்வி: யாராவது படிச்சிடுவாங்களா?

பதில்: படிப்பாங்க. 1869ல ஆஸ்திரியா-ஹங்கேரில தபால் துறையே வெளியிட்ட முதல் போஸ்ட்கார்டு வந்த நாள்லேர்ந்தே அது திறந்து கிடக்குற கடுதாசிதான். வீடு பூட்டி எப்போ ஊருக்குப் போறோம், குழந்தை எந்த ஸ்கூல், போன் நம்பர் இதெல்லாம் வேணாம். கவர்ல போட்டு அனுப்புற ஆப்ஷன் சில சர்வீஸ்ல உண்டு, செலவு கூடும்.

கேள்வி: ஆர்டர் போட்டதும் "அனுப்பியாச்சு"ன்னு வந்துச்சு, மூணு வாரமாச்சு கார்டு போகல. இன்னொண்ணு போச்சு, ஆனா ஒரு பக்கம் வெட்டு கோணலா, ஓரத்துல வெள்ளைக் கோடு. பணம் திரும்ப வருமா?

பதில்: ரெண்டும் வேற வேற கேஸ். "அனுப்பியாச்சு"ன்னா தபால்ல சேத்தாச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், சாதாரண போஸ்ட்கார்டுக்கு டிராக்கிங் கிடையாது, அதனால நீங்களும் நிரூபிக்க முடியாது அவங்களும் நிரூபிக்க முடியாது. வரலன்னா மறுபடி அனுப்பித் தர்றோம்னு சில சர்வீஸ் அவங்க விதிமுறைலயே எழுதியிருக்கும், எத்தன நாளுக்குள்ள சொல்லணும்னும் அதுலயே இருக்கும், முதல்ல அதப் படிங்க. அட்ரஸ நீங்க தப்பா குடுத்திருந்தா வாய்ப்பு கம்மி. அனுப்புனவர் அட்ரஸ் இல்லாத கார்டு திரும்பியும் வராது.

கோணலா வெட்டுனது அச்சுத் தப்பு, அதுல விட்டுக்குடுக்காதீங்க. "இது உங்களுக்காகவே செஞ்ச பொருள், ரிட்டர்ன் இல்ல"ன்னு பதில் வரும். மனசு மாறி வேணாம்னு சொல்றதுக்குத்தான் அந்த விதி. ஐரோப்பிய யூனியனோட 2011 நுகர்வோர் சட்டத்துலயும் (டைரக்டிவ்) ஆன்லைன்ல வாங்குனத 14 நாள்ல திருப்புற உரிமைலேர்ந்து இந்த மாதிரி பொருளுக்கு விலக்கு குடுத்திருக்காங்க, ஆனா குறையுள்ள பொருளுக்கு பரிகாரம் கேக்குறது தனி உரிமை, அது போகல. கார்டு யாருக்குப் போச்சோ அவங்கள தூக்கிப் போடாம வெச்சிருக்கச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு எடுத்தா இன்னும் நல்லது, ஆர்டர் நம்பரோட மெயில் போடுங்க, சாட்ல பேசுனா அப்புறம் கைல ஆதாரம் நிக்காது. மறு அச்சா பணமான்னு நீங்களே தெளிவா கேளுங்க, இல்லன்னா அவங்க சைட்லயே செலவழிக்கிற கிரெடிட்ல ஏத்தி விட்ருவாங்க, அந்த கிரெடிட்டுக்கு காலாவதி தேதி இருக்கலாம், அதோட மாசாமாசம் பணம் எடுக்குற சந்தாலயும் உங்கள சேத்திருக்காங்களான்னு அக்கவுன்ட் செட்டிங்ஸ்ல ஒரு தடவ பாத்துடுங்க, "முதல் கார்டு இலவசம்"னு போட்டு வந்தவங்க நிறைய பேர் அங்கதான் இருப்பாங்க.