தொட்டி நிறைய குஞ்சு, குழம்புக்கு மீன் இல்லை

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் 1000 லிட்டர் தொட்டியும் இரண்டு ஜல்லிப் படுகையும் வைத்து அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டு அதிலேயே செடி வளர்ப்பது) செய்கிறேன். 60 ஜிலேபி (திலேப்பியா) குஞ்சுகள் விட்டேன். மூன்று மாதத்திலேயே அவை குஞ்சு போட ஆரம்பித்துவிட்டன. இப்போது எண்ண முடியாத அளவுக்குப் பொடி மீன். பெரியது எதுவும் உள்ளங்கையைத் தாண்டவில்லை. தக்காளிக் கொழுந்தும் மஞ்சளடிக்கிறது. நல்ல குஞ்சை வீட்டிலேயே எடுக்க முடியுமா? ஏற்காட்டில் அண்ணன் வீட்டிலும் இதேபோல் ஒன்று வைக்கலாமா?

பதில்: குஞ்சு எடுக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். ஜிலேபியைக் குஞ்சு போட வைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. போடாமல் தடுப்பதுதான் பெரும்பாடு. உங்கள் தொட்டியில் நடந்திருப்பதும் அதுதான். சினைக்கு வந்த பெண் மீன் தின்னும் தீவனம் உடம்பில் ஏறாமல் முட்டைக்குப் போகிறது. முட்டையை வாயில் அடைகாக்கும் நாட்களில் அது தீவனத்தையே தொடாது. மிச்சமிருக்கும் தீவனத்துக்குப் பொடி மீன்கள் போட்டி. பிறகு மீன் எங்கிருந்து பருக்கும்?

மூன்று மாதத்தில் குஞ்சு போட்டது என்றால், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் மொசாம்பிக் திலேப்பியாவாக இருக்கும். 1952இல் இந்தியாவுக்கு வந்த இனம் அது. சிறு உடம்பிலேயே பருவத்துக்கு வந்துவிடும். இப்போது பண்ணைகளில் வளர்க்கும் கிஃப்ட் வகை, நைல் திலேப்பியாவிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது. வேகமாக எடை போடும். வாலைப் பாருங்கள். வால் துடுப்பில் வரிசையாகச் செங்குத்துக் கோடுகள் இருந்தால் நைல் வகை. தெளிவான கோடாக இல்லாமல், கோடு மாதிரி மட்டும் தெரிந்தால் கலப்பு. அதில் தாய் மீன் பொறுக்கிப் பயனில்லை.

முதல் வேலை, ஆணையும் பெண்ணையும் பிரிப்பது. மீன் 50 கிராம் தாண்டியதும் செய்யலாம். கையை நனைத்துக்கொண்டு மீனை மல்லாத்திப் பிடியுங்கள். மலத்துவாரத்துக்குப் பின்னால் சின்னக் காம்பு போல ஒன்று தெரியும். ஆணுக்கு அது கூர்மையாக, நுனியில் ஒரே துளையோடு இருக்கும். பெண்ணுக்குக் கொஞ்சம் மழுங்கி, நுனித் துளை போக நடுவில் குறுக்கே ஒரு கீறலும் இருக்கும். அந்தக் கீறல் கண்ணுக்குச் சுலபத்தில் அகப்படாது. அலங்கார மீன் கடையில் விற்கும் மெத்திலீன் புளூவைப் பஞ்சில் தொட்டு ஒரு ஒற்று ஒற்றுங்கள். நீலம் கீறலில் தங்கிக் கோடாகத் தெரியும். முதல் பத்து மீனில் இரண்டு மூன்று தப்பாகத்தான் போகும், எனக்கும் போனது.

ஆண் மீன்கள் மட்டும் பெரிய தொட்டியில் இருக்கட்டும். பாதிக்குப் பாதி என்று வைத்தால் 30 தேறும். ஒவ்வொன்றும் 300 கிராம் வந்தால் 9 கிலோ. 1000 லிட்டருக்கு நிதானமான சுமை. பெண்களையும் பொடிகளையும் குழம்புக்கோ கோழிக்கோ கொடுத்துவிடுங்கள். பாவம் பார்த்து ஏரியிலோ ஓடையிலோ கொண்டுபோய் விடவே கூடாது. நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் இனம் இது.

குஞ்சு வேண்டும் என்றால் தனியாக 300 லிட்டர் தொட்டி ஒன்று வையுங்கள். ஒரு ஆணுக்கு மூன்று பெண். ஒன்றுக்கு ஒன்று என்று விட்டால் ஆண் துரத்தித் துரத்தி அந்தப் பெண்ணைக் கொன்றேவிடும். அடிபடும் மீன் ஒதுங்க உடைந்த பூந்தொட்டி இரண்டு போடுங்கள். தண்ணீர் 28 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். சேலத்தில் வருடத்தில் பெரும்பகுதி அது தானாகவே இருக்கும். ஒரு பெண் மீன் தாடை உப்பி, தீவனத்துக்கு வராமல், மூலையில் நின்று எதையோ மெல்லுவது போல வாயை அசைத்துக்கொண்டிருந்தால் உள்ளே முட்டை இருக்கிறது. அப்போது வலை போட்டால் பயத்தில் துப்பிவிடும், விழுங்கியும்விடும். இரண்டு வாரம் போல விட்டுவிடுங்கள். குஞ்சுகள் தொட்டி ஓரமாக மேல்மட்டத்தில் கூட்டமாக நீந்தும்போது கொசுவலையால் அள்ளி வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். தாமதித்தால் மற்ற மீன்கள் தின்றுவிடும். தீவனத்தைப் பொடித்து நாளுக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

எல்லாமே ஆணாக வர ஹார்மோன் கலந்த தீவனம் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது குஞ்சுப் பண்ணையில் அளவோடு செய்யும் வேலை. கீரையும் தக்காளியும் சுற்றும் தண்ணீரில் வேண்டாம். திலேப்பியா வளர்க்க அனுமதி, பதிவு எல்லாம் உண்டு. புதுக் குஞ்சு வாங்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், நல்ல குஞ்சு எங்கே கிடைக்கும் என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம்.

சரி, தக்காளிக்கு வருவோம். கொழுந்தில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் செடிக்குப் போதுமான இரும்பு கிடையாது. அதோடு நம் ஊர் போர்த் தண்ணீர் உப்பும் கடினமும் மிகுந்தது. காரத்தன்மை ஏறினால் இருக்கும் இரும்பும் வேரில் ஏறாது. பிஎச் (தண்ணீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் எண்) 7-ஐ ஒட்டி இருப்பது நல்லது. மாடியில் விழும் மழைத்தண்ணீரைப் பிடித்து, குறையும் தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றுங்கள்.

ஜல்லி மேலும் சந்தேகம் வையுங்கள், அதுவும் பிஎச்சை ஏற்றலாம். வினிகர் ஊற்றி நுரைக்கவில்லை என்றால் நல்ல ஜல்லி என்பார்கள். சுண்ணாம்புக் கல்லுக்கு அது சரி. ஆனால் சேலத்தில் கிடைக்கும் மேக்னசைட் வெள்ளைக்கல் குளிர்ந்த வினிகரில் லேசில் நுரைக்காது. கைப்பிடி ஜல்லியை மழைத்தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, முன்னும் பின்னும் பிஎச் பாருங்கள். ஏறியிருந்தால் ஜல்லியை மாற்றத்தான் வேண்டும். அதுவரை டிடிபிஏ இரும்பு (செடி எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள இரும்பு உரம்), 11 சதவீதம் இரும்பு உள்ளது, 18 கிராமைக் கரைத்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றலாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு கிடைக்கும்.

சித்திரை வெயிலுக்கு முன் நிழல்வலை கட்டிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்றும் கையில் இருக்கட்டும். ஒரு மே மாத ராத்திரி நாலு மணி நேரம் கரண்ட் போனது. நான் அயர்ந்து தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் முக்கால்வாசி மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் நிற்காது.

ஏற்காடு வேறு கதை. சுமார் 1500 மீட்டர் உயரம். மார்கழி, தை ராத்திரிகளில் குளிர் 12, 13 டிகிரி வரை இறங்கும். 20-க்குக் கீழே போனாலே ஜிலேபிக்குத் தீவனத்தில் நாட்டம் குறையும். 12-ஐ ஒட்டினால் சாக ஆரம்பிக்கும். கழிவை உரமாக்கும் பாக்டீரியாவும் குளிரில் மந்தமாகிவிடும். ஹீட்டர் போடலாமே என்றால், 1000 லிட்டரை 10 டிகிரி சூடாக்கவே கிட்டத்தட்ட 12 யூனிட் ஆகும், ராத்திரியில் ஆறுவது தனிக்கணக்கு. அண்ணன் சாதாக் கெண்டை விடட்டும். அது அந்தக் குளிரைத் தாங்கும், தொட்டிக்குள் கண்டபடி பெருகவும் பெருகாது.