காலிக் குழியும் காணாமல் போன குண்டும்: வால்வு பாடியைத் திரும்பப் பூட்டுவது எப்படி?

கேள்வி: என் காரின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், கியர் மாறும்போதெல்லாம் உதைத்தது. கழுவிப் பார்க்கலாமென்று, கியர் மாற எண்ணெயைப் பங்கிட்டு அனுப்பும் வால்வு பாடியை இறக்கிப் பிரித்தேன். பிரித்த வேகத்தில் உள்ளேயிருந்த சிறு குண்டுகள் தட்டில் சிதறிவிட்டன. குழிகள் ஒன்பது இருக்கின்றன. குண்டுகள் ஏழுதான் கிடைத்தன. ஸ்ப்ரிங்குகளில் இரண்டு இடம் மாறிவிட்டனவோ என்றும் சந்தேகம். எப்படிப் பூட்டுவது?

பதில்: முதலில் அந்த ஒன்பது, ஏழு கணக்கை விட்டுவிடுங்கள். ஒரே வார்ப்பைப் பல மாடல்களுக்குப் பயன்படுத்துவது உண்டு. ஒன்றில் குண்டு உட்காரும் குழி இன்னொன்றில் காலியாகவே இருக்கும். (பட்டறையில் இதைச் 'செக் பால்' என்பார்கள். எழுத்தில் அது கறக்கிற பாலாகிவிடுவதால் நான் குண்டு என்றே எழுதுகிறேன்.) உங்கள் கியர் பாக்ஸின் குறியீட்டுக்குரிய சர்வீஸ் மானுவலில் குண்டுகளின் இடத்தைக் காட்டும் படம் இருக்கும். எத்தனை குண்டு, எந்த அளவு, எஃகா பிளாஸ்டிக்கா என்பதற்கெல்லாம் அதுதான் தீர்ப்பு.

சாட்சியும் ஒன்று உண்டு. இரண்டு பாதிக்கும் நடுவே இருக்கும் செபரேட்டர் பிளேட்டைக் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சில துளைகளின் விளிம்பில் மட்டும் மெல்லிய மோதிரம் போல ஒரு பளபளப்பு தெரியும். எண்ணெய் அழுத்தம் வரும்போதெல்லாம் குண்டு போய் அந்தத் துளையை அடைத்து அடைத்து உண்டான தழும்பு அது. எண்ணெய் ஒரு திசையில் சிறு துளை வழியாக மெல்லச் செல்லவும், மறுதிசையில் தடையின்றித் திரும்பவும் வைப்பதுதான் இந்தக் குண்டின் வேலை. அது இல்லாவிட்டாலோ, சரியாக அடைக்காவிட்டாலோ எண்ணெய் ஒரேயடியாகப் பாய்ந்து, கியர் பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் வெடுக்கென்று பிடிக்கும். தழும்பு பள்ளமாகித் துளை கோணியிருந்தால் பிளேட்டையே மாற்றுங்கள். உங்கள் உதைக்கு மூல காரணமே அதுவாகவும் இருக்கலாம்.

குண்டுகளைக் குழியில் நிறுத்தப் பெட்ரோலியம் ஜெல்லியைத் துளியாக வையுங்கள். சூடேறியதும் அது உருகி எண்ணெயோடு கலந்துவிடும். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் வேண்டாம். எண்ணெயில் எளிதில் கரையாமல் நுண்துளைகளை அடைத்துவிடும்.

ஸ்ப்ரிங்குகளைக் கண்ணால் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். வெர்னியர் காலிப்பரால் நீளத்தையும் கம்பியின் தடிமனையும் அளந்து, சுற்றுகளை எண்ணி, மானுவலிலுள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வால்வுகளுக்குப் பரிசோதனை இன்னும் எளிது. ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் எண்ணெயில் நனைத்து, வால்வு பாடியைச் சாய்த்தால் ஒவ்வொரு வால்வும் தன் எடையிலேயே வழுக்கிச் செல்ல வேண்டும். தள்ளினால்தான் போகும் என்றால் அழுக்கோ கீறலோ இருக்கிறது. உப்புத்தாளால் அதன் விளிம்பைத் தேய்த்துவிடாதீர்கள். அந்த விளிம்பு கூராக இருப்பது காரணத்தோடுதான். மழுங்கினால் தூசு இடுக்கில் புகுந்து வால்வைச் சிக்கவைக்கும். துடைக்க நூல் உதிராத துணி மட்டும்.

மேல் கேஸ்கெட்டும் கீழ் கேஸ்கெட்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பிளேட்டின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, பழையதோடும் ஒப்பிட்டபின் பொருத்துங்கள். சிலிக்கான் பசை கூடவே கூடாது.

போல்ட்டுகளின் நீளம் ஒன்றுபோல இருக்காது. எல்லாவற்றையும் துளைகளில் வெறுமனே நிறுத்துங்கள். தலைகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றால் சரி. ஒன்று மட்டும் தூக்கியோ தாழ்ந்தோ தெரிந்தால் அது வேறு துளைக்குரியது. பிறகு நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குங்கள். அளவு பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். உங்கள் மாடலுக்குரிய அளவையே பின்பற்றுங்கள். கைபலத்தைக் காட்டினால் அலுமினியம் நெளிந்து, சற்றுமுன் வழுக்கிய வால்வு இறுகிவிடும்.

காரில் ஏற்றும்போது எல்லோரும் சறுக்கும் இடம் மேனுவல் வால்வு, அதாவது லீவரின் நிலைக்கேற்ப எண்ணெயின் வழியை மாற்றும் வால்வு. கியர் பாக்ஸுக்குள், கியர் லீவரோடு இணைந்து அசையும் தகட்டில் ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அது மேனுவல் வால்வின் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதைக் கவனிக்காமல் எண்ணெய் வரை ஊற்றி முடித்துவிட்டேன். லீவர் ஒவ்வொரு நிலைக்கும் அழகாக நகர்ந்தது. கியர் பாக்ஸுக்குத்தான் செய்தி போய்ச் சேரவில்லை. முழுவதையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. ஆகவே ஆயில் பேனை மூடும் முன் ஒருவர் லீவரை நகர்த்தட்டும்; கீழிருந்து நீங்கள் வால்வு கூடவே நகர்வதைக் கண்ணால் பாருங்கள்.

சோலினாய்டுகளின் (மின்சாரத்தால் இயங்கி எண்ணெயைக் கட்டுப்படுத்தும் வால்வுகள்) ஓ-ரிங்குகளுக்கு, அதாவது ரப்பர் வளையங்களுக்கு, எண்ணெய் தடவிச் செருகுங்கள். அழுத்த சோலினாய்டின் சரிசெய்யும் திருகைத் தொடாதீர்கள். எண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைகளுக்கும் லீவரை நகர்த்தி, மானுவல் சொல்லும் வெப்பநிலையில் அளவைப் பாருங்கள். ரிவர்ஸ் பிடிக்கவில்லையென்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சினை நிறுத்திவிட்டு, எண்ணெய் அளவையும் அந்த ஊசியையும் முதலில் சந்தேகப்படுங்கள்.