வரையாடு குட்டி போடும் காலம்: இரவிகுளம் பற்றி வாசகர் கேள்விகள்

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு மூணாறு இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. பூங்கா அடைபடும் காலம் நெருங்குவதால், பொதுவான கேள்விகளை ஒதுக்கிவிட்டு, பயணத்துக்குத் தேவையானவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பொங்கல் கூட்டத்துக்குப் பயந்து ஜனவரி கடைசி வாரத்துக்குப் பயணத்தைத் தள்ளிவைத்தோம். பூங்கா திறந்திருக்குமா? குளிர் எப்படி இருக்கும்? (வாசகி, தேவகோட்டை)

பதில்: வழக்கமாகப் பிப்ரவரித் தொடக்கத்தில் அடைத்து ஏப்ரல் தொடக்கத்தில் திறப்பார்கள். ஆனால் வரையாடுகள் குட்டி போடத் தொடங்கியதைப் பார்த்த பிறகுதான் வனத்துறை அடைப்பு ஆணை பிறப்பிக்கிறது என்பதால், புறப்படுவதற்கு முதல் நாள் அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்து, நுழைவுச்சீட்டையும் அதிலேயே வாங்கிவிடுவது நல்லது. வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

பூங்காவின் பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. மழைக்காலம் ஓய்ந்து வானம் துடைத்துவிட்டது போல இருக்கும் ஜனவரி இரவுகளில், பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை விரைவாக இழந்துவிடுகிறது. கனத்த குளிர்காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தங்குகிறது. அப்படிப்பட்ட இடங்களில் விடியற்காலையில் கோலமாவைச் சலித்துத் தூவியது போலப் புல்லின் மேல் உறைபனி படிந்திருப்பதைக் காணலாம். வெயில் ஏறிய அரை மணி நேரத்தில் அது கரைந்துவிடும். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கருகுவதும் இந்தப் பனியால்தான். காரைக்குடியின் மார்கழிக் குளிருக்கு வாங்கிய மெல்லிய ஸ்வெட்டர் அங்கே விடியற்காலைக்குப் போதாது. நண்பகலிலோ அதே ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும், ஏனெனில் அந்த உயரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படங்களில் பார்த்த பச்சைப் பசேல் புல்வெளி இப்போது இருக்காது. புல் பழுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். சில சரிவுகளில் கருத்த பட்டைகளைப் பார்த்துக் காட்டுத்தீ என்று எண்ண வேண்டாம். கோடையில் தீ பரவாமலிருக்க வனத்துறையினர் புல்லை வெட்டித் திட்டமிட்டு எரித்த தடுப்புக்கோடுகள் அவை. அதற்கு ஈடாக, மழைக்காலத்தில் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும் 2,695 மீட்டர் உயர ஆனைமுடி, இந்த வாரங்களில் காலை வேளையில் பெரும்பாலும் முழுதாகத் தெரியும். என்னைக் கேட்டால், பச்சைப் புல்லைவிட அதுவே மேல்.

நீங்கள் தேவகோட்டையிலிருந்து காளையார்கோவில் வந்துவிட்டால், தொண்டியில் தொடங்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே சிவகங்கை, மதுரை, தேனி, போடி வழியாக உங்களை மூணாற்றில் கொண்டுபோய்விடும். போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளை மட்டும் இருட்டும் முன் கடந்துவிடுங்கள். ரயிலில் செல்ல விரும்பினால் 2023 ஜூன் முதல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை மீண்டும் ரயில் ஓடுகிறது.

கேள்வி: பிப்ரவரி முதல் வாரத்துக்கு அறை பதிவு செய்து பணமும் கட்டிய பிறகுதான் பூங்கா அடைப்பு பற்றித் தெரிந்தது. இரண்டு மாதம் முழுமையாக அடைப்பது அதிகாரிகளின் வசதிக்காகத்தானே? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது, நானும் அதே தவற்றைச் செய்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில், வேன் நிறைய உறவினரையும் ஒரு தூக்குச்சட்டி நிறையப் புளியோதரையையும் ஏற்றிக்கொண்டு, விசாரிக்காமலே ஐந்தாம் மைல் நுழைவாயிலுக்குப் போய் நின்றேன். கதவு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. காவலர் கோபப்படாமல் தமிழிலேயே, "ஆடு குட்டி போடுது சார், ஏப்ரல்ல வாங்க" என்றார். புளியோதரையை வேனிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டுத் திரும்பினோம். வழி நெடுக அப்பச்சியின் திட்டு.

அடைப்புக்கான காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வரையாடுகள் பெரும்பாலும் ஆடி, ஆவணி மழையில் இணைசேர்கின்றன. சினைக்காலம் ஏறத்தாழ ஆறு மாதம். ஆகவே தை, மாசியில் குட்டிகள் பிறக்கின்றன. வழக்கமாக ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டிதான். ஈனும் நேரத்தில் தாய் மந்தையிலிருந்து பிரிந்து செங்குத்தான பாறைப் பகுதியை நாடுகிறது. சிறுத்தையும் செந்நாயும் எளிதில் ஏற முடியாத இடம் அது. முதல் சில நாள்கள் குட்டியை ஒளித்துவைத்துவிட்டு அருகிலேயே மேயும். பொதுமக்கள் போய்வரும் ராஜமலைப் பாதையோ அத்தகைய பாறைச்சரிவின் அடிவாரத்தில்தான் போகிறது. பேருந்து பேருந்தாக ஆள்கள் வந்திறங்கி, செல்பேசியை நீட்டிக்கொண்டு குட்டியை நெருங்கினால், தாய் மிரண்டு விலகும், குட்டி தனித்துவிடும். முதல் ஆண்டைத் தாண்டாமல் இறக்கும் குட்டிகள் இயல்பாகவே அதிகம் என்பதால், அவற்றோடு நாமும் சில குட்டிகளைச் சேர்க்க வேண்டியதில்லை.

இந்த மலை ஒரு காலத்தில் தோட்டத்துரைமார்களின் வேட்டைக்காடாக இருந்தது. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட பின், 97 சதுர கிலோமீட்டரில் ராஜமலை என்ற ஒரு மூலை மட்டுமே மக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. 2025இல் தமிழகமும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 வரையாடுகள் காணப்பட்டன. அவற்றில் 841 இந்த ஒரு பூங்காவில் இருந்தன. உலகில் வேறெங்கும் இல்லாத, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வாழும் ஒரு விலங்கின் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அங்கே ஈன்றுகொண்டிருக்கும்போது, கதவை அடைக்காமல் வேறென்ன செய்வது?

விடுதிக்காரரிடம் ஏப்ரலுக்குத் தேதி மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள். ஏப்ரலில் போனால், கால் ஊன்றிவிட்ட குட்டிகள் தாயின் பின்னால் பாறை விட்டுப் பாறை தாவுவதையும் பார்த்துவிடலாம்.

கேள்வி: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடைப்பயணம் போகிறோம். திரும்பும்போது பிள்ளைகள் காரோடு வந்துவிடுவார்கள். பழனியிலிருந்து அப்படியே மூணாறு போய் வரலாமா? (ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்)

பதில்: பாதை இருக்கிறது, ஆச்சி. பழனியிலிருந்து உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு செல்லலாம். பூங்காவின் நுழைவாயிலும் இந்தச் சாலையில்தான், மூணாற்றுக்குச் சற்று முன்னதாகவே வருகிறது. சின்னாறு வனவிலங்கு சரணாலயத்துக்குள் புகுந்து போகும் சாலை என்பதால் இரவில் சோதனைச்சாவடியைக் கடக்க விடமாட்டார்கள்; யானை நடமாட்டமும் உண்டு. நண்பகலுக்குள் உடுமலையைத் தாண்டிவிடச் சொல்லுங்கள்.

சிக்கல் நாளில்தான் இருக்கிறது. பூசம் ஆண்டுக்கு ஆண்டு நகரும்: 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. பூசம் ஜனவரியில் விழும் ஆண்டில் மட்டுமே இந்த இரண்டும் ஒத்துவரும். இன்னொன்றையும் உரிமையோடு சொல்கிறேன்: அத்தனை நாள் நடந்து கொப்புளம் போட்ட காலோடு மறுநாளே மலையில் ஏற வேண்டாம். வீட்டுக்கு வந்து காலை ஆற்றிக்கொண்டு சித்திரையில் போங்கள்.

கேள்வி: வரையாடு உண்மையில் ஆடுதானா? (ஒன்பதாம் வகுப்பு மாணவர், காரைக்குடி)

பதில்: நல்ல கேள்வி, தம்பி. 'வரை' என்றால் மலை. மலையில் வாழும் ஆடு என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். சங்கப் பாடல்கள் இதை 'வருடை' என்கின்றன. இமயமலையில் 'தார்' என்று அழைக்கப்படும் விலங்கின் நெருங்கிய உறவு என்றே விலங்கியலாளர் நெடுங்காலம் கருதிவந்தனர். 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வோ, இது செம்மறியாட்டுக்கே நெருக்கமானது என்று காட்டியது. நீ போகும்போது முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய திட்டுள்ள, கருத்த உடம்புக்காரனைத் தேடு. அதுதான் வயது முதிர்ந்த கிடா. நான் பார்த்த கிடா பாதையோரத்தில் கால் மடித்துப் படுத்து, மூக்கிலிருந்து ஆவி பறக்க, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. அந்த அமைதியை நம்பி உப்போ பிஸ்கட்டோ நீட்டிவிடாதே.

கேள்வி: இந்தப் பயணத்தில் குறிஞ்சி பார்க்கலாமா? (வாசகர், புதுவயல்)

பதில்: முடியாது. நீலக்குறிஞ்சி அங்கே 2006இலும் 2018இலும் மலை முழுக்கப் பூத்தது, அடுத்தது 2030. இடைப்பட்ட ஆண்டுகளில் பூத்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் பெரும்பாலும் குறிஞ்சியின் வேறு இனங்களாகவோ பழைய படங்களாகவோ இருக்கும்.

கேள்வி: ஆயாவுக்கு 74 வயது, முழங்கால் வலி உண்டு. அழைத்துப் போகலாமா? (வாசகி, கோட்டையூர்)

பதில்: தாராளமாக அழைத்துப் போகலாம். ஐந்தாம் மைலில் உங்கள் காரை நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் எல்லோரும் ஏற வேண்டும். அது ராஜமலை வரை கொண்டுபோய் விடும். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஏற்றப் பாதை இருக்கிறது. ஆயா அதில் முழுதாக ஏற வேண்டியதில்லை. முதல் வளைவு வரை மெல்ல நடந்து, கைப்பிடிச்சுவர் ஓரமாக நின்றாலே போதும், பல காலைகளில் ஆடுகள் அங்கேயே இறங்கி வந்து மேய்கின்றன. முதல் பேருந்தைப் பிடித்தால் வரிசையில் நிற்கும் வேலையும் குறையும். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக்கை உள்ளே விடமாட்டார்கள். காதுக்கு ஒரு கம்பளிக் குல்லாயும் எடுத்துக்கொள்ளுங்கள்.