பார்த்தோலினா சிசா: கடிதமும் பதிலும்

வணக்கம். 1781-ல் இன்றைய பொலிவியாவின் லா பாஸ் நகரை அய்மாரா பழங்குடி மக்கள் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக முற்றுகையிட்டது பற்றிய உங்கள் கட்டுரையில், அந்தக் கலகத்தின் தலைவர் துபாக் கத்தாரியோடு அவர் மனைவி பார்த்தோலினா சிசாவையும் தளபதி என்று எழுதியிருந்தீர்கள். இது பிற்கால அரசியல் ஒட்டவைத்த பெருமை இல்லையா? செயற்கைக்கோளுக்கே கத்தாரி பெயர் வைத்த நாடாயிற்றே பொலிவியா.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சந்தேகம் நியாயம்தான். சாகும்போது கத்தாரி சொன்னதாக ஊரெல்லாம் ஓடும் ‘திரும்பி வருவேன், லட்சக்கணக்கில் வருவேன்’ என்ற வாசகம்கூட அன்றைய ஆவணங்களில் கிடையாது. ஆனால் பார்த்தோலினா விஷயத்தில் சாட்சி சொல்வது அவரைக் கொன்றவர்களேதான்.

1782 செப்டம்பர் 5 அன்று லா பாஸில் அவரைக் குதிரை வாலில் கட்டி இழுத்துப்போய்த் தூக்கிலிட்டார்கள். தலையையும் கைகளையும் வெட்டி, க்ருஸ்பாத்தா, பம்பஹாசி போன்ற மேடுகளில் கம்பத்தில் நட்டு வைக்க உத்தரவு. ஏன் அந்த இடங்கள்? அங்கேதான் அவர் முகாம் போட்டு, கலகக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கினார் என்று தீர்ப்பே சொல்கிறது. சும்மா மனைவியாக இருந்தவருக்கு ஸ்பானியர் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

அந்த முற்றுகையின் தன்மையையும் பாருங்கள். நகரம் பள்ளத்தில் கிடக்கிறது. சுற்றிலும் மேட்டில் அய்மாரா மக்கள், பல்லாயிரம் பேர். 1781 மார்ச்சில் தொடங்கிய முதல் முற்றுகை மட்டும் 109 நாள். உள்ளே கோவேறு கழுதை, நாய், கடைசியில் தோல் வரை தின்றார்கள். இங்கே துப்பாக்கியைவிட, மேலே இருந்தவர்களுக்குச் சோறு போடுவதும் வழிகளை அடைப்பதும்தான் முக்கியம். கணவன் மனைவி இருவருமே கோக்கா இலையும் துணியும் விற்று ஊர் ஊராகப் போனவர்கள். எந்தச் சந்தைக்கு எந்த வழி என்பது அவர்களுக்கு அத்துப்படியாக இருந்திருக்கும். இது என் ஊகம்தான், ஆனால் நம்பத்தகுந்த ஊகம் என்றே நினைக்கிறேன்.

அதே 1781 ஜூலைத் தொடக்கத்தில் கூட இருந்தவர்களே பார்த்தோலினாவைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் கத்தாரி மறுபடி முற்றுகையிட்டார். அக்டோபரில் ஸ்பானியப் படை வந்து அதையும் உடைத்தது. நவம்பர் 15 அன்று பேன்யாஸ் என்ற ஊரில் நான்கு குதிரைகளில் கட்டிக் கத்தாரியைக் கிழித்துக் கொன்றார்கள். பார்த்தோலினா அப்போது சிறையில்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒரு பெயர்: கிரிகோரியா அபாசா, கத்தாரியின் தங்கை. சொராத்தா என்ற ஊருக்கு மேலே தண்ணீரைத் தேக்கி, உடைத்துவிட்டுக் கலகக்காரர்கள் அந்த ஊரைப் பிடித்தார்கள்; அந்தப் படையை நடத்தியவர்களில் ஒருவர். அவரையும் அதே செப்டம்பர் 5 அன்றுதான் கொன்றார்கள். கட்டுரையில் அவருக்கு ஒரு வரிதான் கொடுத்திருந்தேன்; அடுத்து அவரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.