குடித்துவிட்டு ஓட்டியது கணவர். கையெழுத்து மனைவி போட வேண்டுமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி (போர்வெல் போடும் லாரி) டிரைவர். மாதக்கணக்கில் வெளிமாநில வேலைக்குப் போவார். ஊருக்கு வந்தால் குடிதான். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது போலீஸ் சோதனையில் மாட்டிக்கொண்டார். நானும் நாலு வயது மகளும் காரில்தான் இருந்தோம். கார் எங்கள் அப்பா சீராகக் கொடுத்தது, ஆர்சி என் பெயரில். “லைசன்ஸ் போனால் பிழைப்பே போச்சு, நான்தான் ஓட்டினேன்னு எழுதிக் கொடு” என்கிறார் மாமியார். மறுத்ததற்கு வீட்டுக்காரர் அடித்தார். இப்போது காங்கேயத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பாதி நகையை வாங்கிக்கொண்டு பத்திரத்தில் எழுதித் தீர்த்துவிடலாம் என்று உறவுக்காரப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இந்தக் குடி வழக்கை வைத்து எனக்கு விவாகரத்து கிடைக்குமா? மகள் என்னிடம் இருப்பாளா?

பதில்: அம்மிணி, உங்களிடம் இரண்டு கையெழுத்து கேட்கிறார்கள். இரண்டையும் போடாதீர்கள்.

முதலாவது, நீங்கள் ஓட்டியதாக எழுதிக் கொடுப்பது. ஊதச் சொன்னது அவரை. கருவி தரும் சீட்டில் பதிவாகியிருப்பது அவருடைய அளவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் ஓட்டியவர்மீது வழக்கு. முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்தத் தண்டனையை நீங்கள் வாங்கிக்கொள்ள முடியாது. கோர்ட்டில் தெரிந்தே பொய்ச் சாட்சி சொன்னால் பாரதிய நியாய சன்ஹிதா 229-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அவருடைய உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் இடைநீக்கம் செய்ய ஆர்டிஓ நோட்டீஸ் அனுப்புவார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். பிழைப்பு போகிறதே என்ற கவலை நியாயமானது. அதைச் சரிசெய்ய வேண்டியது குடித்தவர். உங்களைக் குற்றவாளியாக்கி அல்ல.

கார் விஷயத்தில் ஆர்சி உங்கள் பெயரில் இருப்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு இதே காரில் போதையில் யார்மீதாவது மோதினால், இழப்பீடு கேட்டு வரும் வழக்கில் உரிமையாளர் என்ற முறையில் உங்களையும் சேர்ப்பார்கள். போதையில் ஓட்டியதைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பை மறுக்கலாம். உங்கள் காருக்கான சேதத் தொகையையும் தர மறுக்கலாம். அவர் குடித்திருப்பது தெரிந்தே சாவியைக் கொடுத்தால், குற்றத்துக்கு உடந்தை என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 188-ஆம் பிரிவும் இருக்கிறது. அதனால் காரும் சாவியும் அசல் ஆர்சியும் காங்கேயத்துக்கு வந்துவிடட்டும். கார் இன்னும் ஸ்டேஷனில் நிற்கிறது என்றால், உரிமையாளராக நீங்களே மனுக் கொடுத்து மீட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பத்திரம். நம் பக்கத்தில் இது இன்னும் நடக்கிறது. நோட்டரி முத்திரை வைத்த தாளைக் காட்டி “எனக்கு விவாகரத்து ஆயிடுச்சு” என்று நம்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அது விவாகரத்து இல்லை. வழக்கப்படியான மணவிலக்கை இந்து திருமணச் சட்டம் 29(2) ஏற்கிறது, உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் உங்கள் சமூகத்தில் காலங்காலமாக உண்டு என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அது சுலபமே இல்லை. அந்த மணவிலக்கு செல்லாது என்றானால் மறுமணம் செய்கிறவர்மீது இருதார மணக் குற்றம் வரும். அப்புறம், அந்தத் தாளில் “இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்” என்று ஒரு வரி இருக்கும். மகளின் பராமரிப்பை அவள் சார்பில் நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாது. நகையில் பாதி எதற்கு? உங்களுக்குப் போட்ட பவுனும் சீர் சாமானும் உங்கள் சொத்து, முழுவதும்.

விவாகரத்துக்கு வருவோம். குடிப்பழக்கம் தனியாக ஒரு காரணம் என்று இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. ஒரு தடவை போதையில் ஓட்டி அபராதம் கட்டியது மட்டும் போதாது. ஆனால் தொடர்ந்த குடி, அடி, பொய் சொல்லச் சொன்ன மிரட்டல், குழந்தையை வைத்துக்கொண்டு போதையில் ஓட்டியது எல்லாம் சேர்ந்தால் 13(1)(ia) சொல்லும் கொடுமை ஆகும். அதனால் அந்த வழக்கு முடிந்ததும் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். அபராதம் கட்டுவதற்காக அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால், பின்னால் “நான் குடிப்பதே இல்லை” என்று சொல்வது கஷ்டம். அடிபட்டதற்கு அரசு மருத்துவமனையில் காட்டினீர்களா? காட்டியிருந்தால் அந்தச் சீட்டும், மாமியார் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு ஏதாவது இருந்தால் அதுவும் அழியாமல் இருக்கட்டும்.

ஆனால் என் அபிப்பிராயம், முதல் மனு விவாகரத்து மனுவாக இருக்க வேண்டாம். அது இழுக்கும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005, 12-ஆம் பிரிவில் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் தொடங்குங்கள். பாதுகாப்பு, பணம், குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு, நகை எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். நீங்கள் இப்போது தங்கியிருக்கும் காங்கேயத்துக்கு உரிய கோர்ட்டிலேயே போடலாம், திருச்செங்கோட்டுக்கு அலைய வேண்டாம். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் தெளிவாக்கியது. விவாகரத்தும் வேண்டும் என்று பின்னால் முடிவெடுத்தால், மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே மனுப் போடலாம்.

ஜீவனாம்சம் கேட்டால் “லைசன்ஸ் இல்லை, வருமானம் இல்லை” என்பார். உடல் தெம்புள்ள கணவன் அப்படித் தப்ப முடியாது. இரண்டு பேருமே சொத்து, வருமானம் பற்றிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தொகை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். இது ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் வந்த தீர்ப்பு. சம்பளமும் பேட்டாவும் ரொக்கமாக வந்தால், ரிக் முதலாளி யார், எந்த வண்டி, வருடத்தில் எத்தனை மாதம் ஓட்டம் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

மகளைப் பற்றிப் பயப்படாதீர்கள். ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கும். அதற்கு மேலும் கோர்ட் பார்ப்பது குழந்தையின் நலனை. அவர் அவளைப் பார்க்க வரக் கூடாது என்று மட்டும் கேட்காதீர்கள்; அப்பனைப் பார்க்கும் உரிமை அவளுக்கும் உண்டு. பகல் நேரத்தில், குடிக்காமல் வர வேண்டும், வண்டியில் ஏற்றிப் போகக் கூடாது என்று நிபந்தனை கேளுங்கள். அன்று இரவு காரில் அவளும் இருந்தாள் என்பதை மனுவில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். எனக்கு இந்த முழு வழக்கிலும் பெரிய விஷயம் அதுதான்.

அவர் நிஜமாகவே குடியை விட நினைத்தால், அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சேர்ந்ததற்கான சீட்டோடு வரட்டும். பெரியவர்கள் பேச வேண்டியதும் அதைத்தான்.

வக்கீல் செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். திரும்பவும் மிரட்டல் வந்தால் பெண்கள் உதவி எண் 181, உடனே. போகும்போது கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, மகளின் பிறப்புச் சான்றிதழ், ஆர்சி நகல், நகைக்கடை ரசீது ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத பவுனுக்குக் கல்யாண ஆல்பமே உதவும்.