யாருடைய பொற்காலம்?

வணக்கம் சார்,

ஐம்பதை நெருங்குகிறேன். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு பழைய ஆல்பத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். எல்லாம் சிறுவயதில் அண்ணன் எடுத்த படங்கள். பார்க்கும்போது இதமாக இருக்கிறது. மூடி வைத்த பிறகு மனம் கனத்துப்போகிறது. ‘இது ஒரு வியாதி’ என்கிறாள் மனைவி. உண்மையா? ஆல்பத்தைக் கண்ணில் படாமல் எங்காவது வைத்துவிடலாமா? அன்று இருந்த நிம்மதியும் ஒற்றுமையும் இன்று எந்த வீட்டிலும் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியப்போவதும் இல்லை.

க.

அன்புள்ள க.,

உங்கள் மனைவியின் கட்சிக்கு முந்நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழமை உண்டு. நாஸ்டால்ஜியா என்கிற ஏக்கத்துக்கு நோய் என்று பெயர் சூட்டியவர் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், 1688இல், பாசல் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில். சொந்த மண்ணை விட்டுப் போன சுவிஸ்காரர்கள் ஏங்கி மெலிவதை அவர் எழுதினார். அடுத்து வந்த ஷாய்க்ஸர் என்பவர், மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கியவர்களைக் காற்றழுத்தம் படுத்தும் பாடு இது என்று விளக்கம் சொன்னார்! அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் மருத்துவர்கள் 5,000 பேருக்கு மேல் இந்த நோயின் பெயரில் பதிவுசெய்திருக்கிறார்கள். இன்று எந்த மருத்துவரும் அப்படி எழுதமாட்டார். ஆகவே பயப்பட வேண்டாம். ஆல்பத்தை ஒளித்துவைக்கும் யோசனை சிறுபிள்ளைத்தனம், அதை விடுங்கள்.

இதம், பிறகு கனம் என்கிறீர்கள். இரண்டும் உண்மைதான். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் வைல்ட்ஷட், செடிக்கிடிஸ் ஆகிய உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வுகளில், மனம் சோர்ந்தோ தனித்தோ இருக்கும்போதுதான் மனிதர்கள் அதிகமும் பழைய நாட்களுக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. போய்வந்தவர்கள் தமக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற தெம்பை அடைந்தார்கள். ஆனால் பாஸ் வெர்பிளாங்கன் என்ற உளவியலாளர் 2012இல் இன்னொன்றைக் காட்டினார். எதற்கெடுத்தாலும் கவலைப்படும் சுபாவம் கொண்டவர்களுக்கும் முதலில் இதம்தான். பிறகு பதற்றமும் சோர்வும் கூடிவிடுகின்றன. கவலையற்ற அந்த நாளை இந்த நாளோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பது அவர் ஊகம். நீங்கள் கவலைப்படும் ஜாதியா என்று எனக்குத் தெரியாது. இரவில் ஆல்பத்தோடு உட்கார்ந்துவிடுகிறவர் என்பதால் சந்தேகம் இருக்கிறது.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. உங்கள் கடைசி இரண்டு வரிகள் என்னை எரிச்சல்படுத்தின. நானே சில வாரங்களாக இதைத்தான் மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

சிறுவயதில் நாங்கள் இருந்த வீட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். மழைக்காலத்தில் குடும்பமே ஒரே அறையில் ஒண்டிக்கொள்ளும். ஓட்டில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். வாழ்க்கையில் அதைப்போல் ஒரு தூக்கம் மறுபடி வாய்க்கவில்லை என்று முடித்திருந்தேன். பலர் பாராட்டினார்கள். அக்கா போனில் கூப்பிட்டாள். “டேய், மத்த அறையெல்லாம் ஒழுகும், அதான் ஒரே அறை. நீ தூங்கினே. நானும் அம்மாவும் விடிய விடிய பாத்திரம் மாத்தி மாத்தி வச்சிட்டிருந்தோம்.” கோபமே இல்லை அவள் குரலில். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அன்று வீட்டில் நிம்மதி இருந்தது என்கிறோம். இருந்தது, குழந்தைக்கு. அதை யாரோ கண்விழித்துச் செய்துகொடுத்தார்கள். கடனுக்கு வட்டி கட்டியது யார், இருப்பதைப் பங்கிட்டுத் தான் குறைவாக எடுத்துக்கொண்டது யார், ஒற்றுமை கெடாமலிருக்கப் பதில் பேசாமல் உள்ளே போனது யார் என்று ஆல்பத்தில் தெரியாது. வாழ்க்கையின் கசப்பான சம்பவங்களில் உணர்ச்சியின் வேகம், இனிய சம்பவங்களில் மங்குவதைவிடச் சீக்கிரம் மங்கிவிடும் என்று உளவியலாளர்கள் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், இல்லாவிட்டால் யாரும் உயிரோடு இருக்க முடியாது. ஆனால் அடுத்தவர் பட்ட பாடு நமக்குள் மங்கவேண்டிய அவசியமே இல்லை. அது ஒருபோதும் நமக்குள் வந்து சேரவே இல்லையே! காலம் கெட்டுவிட்டது என்று புலம்புகிற பலரைப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேருக்குக் காலம் கெடவில்லை. அவர்களுக்காகப் பாத்திரம் மாற்றிவைக்க ஆள் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். இன்று அந்த முறை உங்களுடையது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? உங்கள் பிள்ளைகளும் நாற்பது வருடம் கழித்து இந்த வீட்டை நினைத்து ஏங்குவார்கள், உங்கள் கவலை ஒன்றுகூடத் தெரியாமல்.

ஏங்குவதில் தப்பில்லை. நானும் அந்த மழையைத்தான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் இப்போது அதில் அக்காவும் விழித்திருக்கிறாள். இனிமை குறைந்துவிட்டதா என்றால், இல்லை. அது யார் கொடுத்தது என்று தெரிந்திருக்கிறது.

அண்ணன் எடுத்த படங்கள் என்கிறீர்கள். எடுத்தவர் எத்தனை படத்தில் இருக்கிறார்? அப்போது அவருக்கு என்ன வயது, படித்துக்கொண்டிருந்தாரா, வேலைக்குப் போய்விட்டாரா? இத்தனை உருக்கமான கடிதத்தில் அவரைப் பற்றி வேறு ஒரு சொல் இல்லை. அவர் இருக்கிறார் என்றால், ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு பகலில் அவரிடம் போங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அன்று என்ன நடந்தது என்று அவர் சொல்லட்டும். நடுவில் குறுக்கிட்டு உங்கள் கதையைச் சொல்லாதீர்கள். அதன்பிறகு எனக்கு எழுதுங்கள்.