மேக்கில் திரையின் மூலைகளை ஷார்ட்கட்டாக மாற்றுவது எப்படி?

மவுஸை மூலைக்குத் தள்ளினாலே வேலை நடக்கும்படி மேக்கில் வைக்க முடியுமா, அதனால் நேரம் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். சிஸ்டம் செட்டிங்ஸில் டெஸ்க்டாப் & டாக் பக்கத்தைத் திறந்து கடைசிவரை கீழே இறங்கினால் ஹாட் கார்னர்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கும், அதில் நான்கு மூலைக்கும் தனித்தனி வேலை கொடுக்கலாம்.

மூலையில் கர்சர் முட்டி நின்றுவிடும் என்பதால் குறிபார்க்கவே வேண்டாம், வேகமாக இழுத்துவிட்டாலே போதும், அதுதான் இதன் பலம். நான் கீழ் இடதில் டெஸ்க்டாப், மேல் வலதில் திறந்திருக்கும் விண்டோக்களை எல்லாம் ஒன்றாகக் காட்டும் மிஷன் கன்ட்ரோல், கீழ் வலதில் லாக் ஸ்கிரீன் வைத்திருக்கிறேன் (அங்கே ஏற்கெனவே சட்டென்று குறிப்பெழுத உதவும் குயிக் நோட் உட்கார்ந்திருக்கும், தூக்கிவிட்டேன்). மேல் இடதைக் காலியாக விடுங்கள். ஆப்பிள் மெனுவைத் தொடப் போகும்போதெல்லாம் அது குறுக்கே வந்து உயிரை வாங்கும்.

அப்புறம், தவறுதலாகப் பட்டு ஸ்கிரீன் லாக் ஆகிறதே என்றால், வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது கமாண்ட் கீயை அழுத்திக்கொண்டே தேர்ந்தெடுங்கள். பிறகு அந்தக் கீயோடு போனால் மட்டுமே மூலை வேலை செய்யும்.

லினக்ஸில் க்னோம் என்ற டெஸ்க்டாப் வைத்திருந்தால் மேல் இடது மூலையில் இதே மாதிரி ஒன்று உண்டு. விண்டோஸில் தனி மென்பொருள்தான் போட வேண்டும்.